மின்சாரம் வழிகாட்டினால் மூளை துளிர்க்குமா? – வாசகர் கேள்வி பதில்

நரம்புக் குருத்தணுக்களை, அதாவது நரம்பு மண்டலத்துக்கான ஸ்டெம் செல்களை, மின்சாரத்தைக் கொண்டு வழிநடத்தும் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் நான்கே வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்களால் என் மேசை நிறைந்துவிட்டது. அவற்றுள் ஏழு கடிதங்களை இந்த மாதம் எடுத்துக்கொள்கிறேன்.

என் தந்தைக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார்; வலது கை மட்டும் வரவில்லை. பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில் கையில் கரண்ட் வைக்கிறார்கள். இந்தக் கரண்டே மூளையில் ஸ்டெம் செல்லை வளர்த்துவிடும் என்று அங்கு வரும் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, பெரம்பூர்

இல்லை, அம்மா. உங்கள் தந்தையின் கையில் வைக்கப்படும் கரண்ட், தோலுக்கு அடியிலுள்ள நரம்பைத் தூண்டித் தசையைச் சுருங்க வைக்கிறது. தசை மெலியாமல் இருக்க அது உதவும் என்பதால் அதை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த மின்சாரம் மூளைக்குள் போய்க் குருத்தணுக்களை எழுப்புவதில்லை.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் எங்கோ கேள்விப்பட்ட செய்தியின் வேர், நான் சென்ற மாதம் குறிப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வாக இருக்கக்கூடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மின் ஜாவ் என்பவரும் (பெயரில் மின் இருப்பது தற்செயல்தான்) அவருடைய குழுவினரும், மனித நரம்புக் குருத்தணுக்களை எலியின் மூளைக்குள் வைத்து, மின்முனைகள் வழியே மின்சாரம் செலுத்தி, தாம் விரும்பிய திசையில் அவற்றை நகர வைத்தார்கள். எலியின் மூளையில் புதிதாகப் பிறக்கும் இளம் நரம்பணுக்கள், மூளையினுள் நீர் நிறைந்த அறையின் ஓரத்திலிருந்து முன்பக்கமுள்ள மோப்பக் குமிழை நோக்கி ஒரு குறிப்பிட்ட பாதையில் ஊர்ந்து செல்வது இயல்பு. அந்தப் பாதையின் நடுவே வைக்கப்பட்ட மனிதச் செல்கள், மின்சாரம் கொடுக்கப்பட்டபோது, ஆற்று நீரை எதிர்த்து ஏறும் மீனைப் போலப் பின்னோக்கிச் சென்றன. மூன்று வாரங்களுக்குப் பின்னும் நான்கு மாதங்களுக்குப் பின்னும் பார்த்தபோது அவற்றுள் பல உயிருடன் இருந்தன.

இது பெரிய சாதனைதான். ஆனால் அந்த எலிகளுக்குப் பக்கவாதம் வந்திருக்கவில்லை. செல்கள் போய்ச் சேர்ந்ததால் இழந்த திறன் ஏதும் திரும்பியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. காட்டுவது அதன் நோக்கமும் அல்ல. மேலும், எலிக்கு வாழ்நாள் முழுவதும் திறந்திருக்கும் அந்தப் பாதை, மனிதர்களிடம் பிறந்து ஏறத்தாழ 18 மாதங்கள் வரையில்தான் போக்குவரத்துடன் இருக்கிறது என்றும், பின்னர் வற்றிவிடுகிறது என்றும் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவிக்கிறது. வளர்ந்தவர்களின் மூளையில் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதாக 1998-இல் சான்று கிடைத்தது. 2018-இல் ஒரே ஆண்டில் ‘பிறப்பதில்லை’ என்று ஒரு குழுவும் ‘பிறக்கின்றன’ என்று மற்றொரு குழுவும் எழுதின. 2025-இல் ஸ்வீடன் நாட்டுக் குழு ஒன்று மறுபடியும் ‘பிறக்கின்றன’ என்ற பக்கத்துக்கு வலுச் சேர்த்தது. இந்த விவாதம் நடப்பதும் கையை இயக்கும் பகுதியைப் பற்றியல்ல என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தந்தைக்கு நெருக்கமான செய்தி வேறொன்று உண்டு. கழுத்திலுள்ள வேகஸ் நரம்பில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, கைப்பயிற்சி செய்யும் அந்தந்தக் கணத்தில் அதைத் தூண்டும் முறை 2021-இல் 108 பேரிடம் சோதிக்கப்பட்டது. அவர்கள் அனைவரும் பக்கவாதம் வந்து குறைந்தது ஒன்பது மாதங்கள் கடந்தவர்கள். மூன்று மாதங்களுக்குப் பின், கருவி இயக்கப்பட்டவர்களில் 47 விழுக்காட்டினரிடமும், கருவி பொருத்தியும் உண்மையான தூண்டல் கொடுக்கப்படாதவர்களில் 24 விழுக்காட்டினரிடமும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்தக் கருவி குருத்தணுவை வளர்ப்பதில்லை. இருக்கிற நரம்பணுக்களின் இணைப்புகளைப் பயிற்சிக்கு இணங்க மாற்றிக்கொள்ளச் செய்கிறது. அதைவிட முக்கியமாக, கருவி இயங்காதவர்களில் நான்கில் ஒருவர் வெறும் தீவிரப் பயிற்சியாலேயே முன்னேறினார் என்பதைப் பாருங்கள். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்பதால் பயிற்சியைக் குறைக்க வேண்டாம்.

தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்த கால்வானியைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். தசை துடிப்பது புரிகிறது. கண்ணும் காதும் இல்லாத ஒரு செல், மின்சாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படி அறிகிறது?
– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், மேற்கு மாம்பலம்

ஐயா, உங்கள் கேள்வி என்னை மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. கரி படிந்த உருளை சுழல, தவளையின் கெண்டைத் தசை துடித்து அதில் வெண்கோடு இழுத்த அந்த ஆய்வுகூடத்தில், மின்சாரம் என்றால் நரம்பைச் சுண்டிவிடுவது என்று மட்டுமே நாங்கள் கற்றோம். மெல்லிய, நிலையான மின்சாரம் ஒரு செல்லை மெதுவாக நடத்திச் செல்லும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் அதற்கான தடயம் பழையது. பெர்லினில் டு புவா ரேமோன் என்ற உடலியங்கியலாளர் 1843-இல் தம் விரலையே கீறிக்கொண்டு, காயத்திலிருந்து மின்னோட்டம் வெளியேறுவதை அளந்தார். காரணம் இதுதான். தோலும் கருவிழியின் மேற்படலமும் சோடியம், குளோரைடு போன்ற அயனிகளை ஓயாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைத்துக்கொண்டே இருப்பதால், படலத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட் வேறுபாடு எப்போதும் நிலைத்திருக்கிறது. படலம் கிழிந்தால் கரை உடைந்த ஏரியைப் போல அந்த இடத்தில் மின்னோட்டம் பாய்கிறது. காயத்தின் நடுப்பகுதி எதிர்மின்முனையாகிவிடுகிறது. சுற்றியுள்ள செல்கள் அதை நோக்கி ஊர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. நரம்புக் குருத்தணுக்களும் பெரும்பாலும் எதிர்மின்முனையை நோக்கியே நகர்கின்றன. எலியின் மூளையிலுள்ள அந்த மோப்பப் பாதையிலும் இயற்கையாகவே இப்படி ஒரு மின்னோட்டம் இருப்பதை 2013-இல் கண்டறிந்தார்கள்.

இனி உங்கள் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் கொடுக்கப்படும் மின்புலம் ஒரு மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆகவே செல்லின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இடையில் விழும் வேறுபாடு ஒரே ஒரு மில்லிவோல்ட். செல்லின் சவ்வு தனக்குள் தாங்கி நிற்கும் சுமார் 70 மில்லிவோல்ட்டுக்கு முன் இது அற்பம். எனவே மின்சாரம் செல்லைப் பிடித்து இழுத்துச் செல்கிறது என்று எண்ணுவது தவறு. செல்லின் வெளிப்புறத்தில், எண்ணெயில் மிதப்பவை போல நகரக்கூடிய மின்னூட்டமுள்ள புரத ஏற்பிகள் (சமிக்ஞைகளை வாங்கும் புரதங்கள்), மணிக்கணக்கில் நிலைக்கும் அந்த மெல்லிய உந்துதலால் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன என்பதே இன்று வலுவாகப் பேசப்படும் விளக்கம். ஏற்பிகள் திரண்ட பக்கத்தில் செல்லின் உள்ளே வேதிச் சமிக்ஞை கூடுகிறது. அங்கே செல் தன் உள்சட்டகமான புரத இழைகளை நீட்டி முன்னங்காலை வைக்கிறது. மின் ஜாவ் உள்ளிட்டோர் 2006-இல் இதற்கு மரபணுச் சான்றும் தந்தார்கள்: பிஐ3கே என்ற நொதியின் செயலைக் கெடுத்தால் செல்லின் திசையறிவு மங்குகிறது, அதை அடக்கிவைக்கும் பிடென் என்ற புரதத்தை நீக்கினால் செல் இன்னும் ஆர்வமாக ஓடுகிறது.

ஆக, மின்சாரம் தருவது திசையை, நடப்பது செல்லே. இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிண்டி மோர்ஸ்ஹெட் குழுவினர், இன்னும் எதுவாகவும் மாறாத நரம்புக் குருத்தணுக்கள் மின்புலத்துக்கு இணங்கி நகர்வதையும், முதிர்ந்து தம் வேலையை ஏற்றுக்கொண்ட செல்கள் அதைப் பொருட்படுத்தாமல் நின்றுவிடுவதையும் கண்டார்கள். உத்தியோகத்தில் அமர்ந்தவரை ஊர்மாற்றம் செய்வது கடினம் என்பது ஆசிரியராக இருந்த உங்களுக்குத் தெரியாததல்ல.

மூளையில் இரண்டு எலெக்ட்ரோடு வைத்து டிசி மின்சாரம் கொடுத்தால் வேலை முடிந்தது அல்லவா? பேஸ்மேக்கரையே உடலுக்குள் வைக்கிறார்களே, இதில் என்ன தடை?
– பொறியியல் மாணவர், கிண்டி

உப்புநீரில் இரண்டு கம்பிகளை விட்டு நேர்மின்சாரம் செலுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்திருப்பீர்கள், தம்பி. குமிழி எழும், குளோரின் வாடை வரும், ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் காரமும் சேரும். மூளைத் திசுவும் உப்புநீரில் ஊறிய ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தில் செல்களை நகர்த்தும்போது, மின்முனையைச் செல்களின் அருகிலேயே விடாமல், அகார் கூழில் உப்பைக் கரைத்துச் செய்த பாலங்களின் வழியே மின்சாரத்தைக் கொண்டுவருவது அதனால்தான். பேஸ்மேக்கரும், பார்கின்சன் நோய்க்காக மூளையின் ஆழத்தில் வைக்கும் தூண்டுகருவியும் நேர்மின்சாரத்தைத் தொடர்ந்து செலுத்துவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொடுத்த மின்னூட்டத்தை உடனே எதிர்த்திசையில் திரும்ப எடுத்துவிடுவதால் அவை திசுவைக் கெடுப்பதில்லை.

சிக்கல் இங்கேதான். கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் செல்லுக்குத் திசை கிடைக்குமா? முன்னும் பின்னும் சமமாகத் தள்ளினால் கிடைக்காது. மோர்ஸ்ஹெட் குழுவினர் மொத்த மின்னூட்டத்தை மட்டும் சமன் செய்து, இரு துடிப்புகளின் வடிவத்தைச் சமமற்றதாக வைத்து, 2019-இல் சுண்டெலி மூளையில் செல்களின் இடப்பெயர்ச்சியை மாற்றிக் காட்டினார்கள். உங்களைப் போன்ற மாணவர்கள் கைவைக்க வேண்டிய கணக்கு இது என்பது என் எண்ணம்.

அடுத்தது தூரம். எலி மூளையின் நீளம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். மனித மூளையில் பத்து சென்டிமீட்டருக்கு, மில்லிமீட்டருக்கு 50 மில்லிவோல்ட் வீதம் மின்புலத்தை நிலைநிறுத்த ஐந்து வோல்ட் வேண்டும்; அதற்குரிய மின்னோட்டம் வழியிலுள்ள நல்ல நரம்பணுக்களை எல்லாம் கடந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, மூளையைச் சூழ்ந்த நீர் மூளைத் திசுவைக் காட்டிலும் பல மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. தியாகராய நகர் மழைவெள்ளம் பள்ளத்தைத் தேடி ஓடுவதைப் போல, மின்சாரமும் நாம் நினைத்த இடத்தை விட்டு அந்த நீரின் வழியே ஓடிவிடப் பார்க்கும்.

உலோகக் கம்பிக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் பாலிமரைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. பாலிபிரோல் என்ற அத்தகைய பாலிமரின் மேல் நரம்பு போன்ற செல்களை வளர்த்து மின்சாரம் கொடுத்தால் அவற்றின் கிளைகள் நீளமாக வளர்வதை 1997-இலேயே ராபர்ட் லாங்கர் உள்ளிட்டோர் காட்டினார்கள். பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பால் ஜார்ஜ் குழுவினர், அதே பாலிமரில் படுத்திருந்த மனித நரம்பு முன்னோடிச் செல்களுக்கு வெளியிலேயே மின்தூண்டல் கொடுத்துவிட்டு, பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளின் மூளையில் பொருத்தினார்கள். அந்த எலிகள் மேலும் நன்றாகத் தேறின. பொருத்தப்பட்ட செல்கள், இறந்துபோன நரம்பணுக்களின் இடத்தைப் பிடித்ததால் அல்ல. மின்தூண்டல் பெற்ற செல்கள் சுரந்த வளர்ச்சிப் பொருள்கள் எலியின் சொந்த மூளையைத் தேற்றியதே அதற்குக் காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

தலையில் மாட்டும் மின்பட்டை ஒன்று ஆன்லைனில் விற்கிறது. பிள்ளையின் படிப்புக்காக அதை வாங்கினால் மூளையில் புதுச் செல் வளருமா?
– இல்லத்தரசி, தாம்பரம்

வளராது. அந்தப் பட்டையின் மின்சாரத்தில் பெரும்பகுதி மண்டைத் தோலிலேயே பரவிப் போய்விடும். மண்டையோட்டைத் தாண்டி மூளையில் எட்டும் மின்புலம், மேலே சொன்ன ஆய்வுகளில் கொடுக்கப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு வேண்டிய புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள்.

பட்டறையில் தகடு வெட்டி மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்திருக்கிறார்கள். சுண்டுவிரலில் இன்னும் உணர்ச்சி இல்லை. மின்சாரம் வைத்தால் நரம்பு சீக்கிரம் வளரும் என்கிறார்களே?
– தொழிலாளர், ராயபுரம்

இந்த மாதம் வந்த கடிதங்களில், நரம்பை வளர்ப்பதில் மின்சாரம் உண்மையிலேயே மனிதரிடம் பயன் காட்டியிருக்கும் இடம் உங்களுடையதுதான். ஆனால் இங்கே குருத்தணுவுக்கு வேலை இல்லை. கை நரம்பின் செல் தண்டுவடத்திலோ அதை ஒட்டியோ உயிரோடு இருக்கிறது. அறுந்தது அதன் நீண்ட இழை மட்டும். அந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ள தூரத்தை அளந்தால் எத்தனை மாதங்கள் ஆகும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கனடாவின் டெசா கோர்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. எலியின் தொடை நரம்பை அறுத்துத் தைத்த உடனே, தையலுக்கு மேற்பகுதியில் நொடிக்கு 20 துடிப்புகள் வீதம் மின்தூண்டல் கொடுத்தார்கள். சாதாரணமாக எட்டு முதல் பத்து வாரங்கள் எடுக்கும் 25 மில்லிமீட்டர் வளர்ச்சியை எல்லா இயக்க நரம்பணுக்களும் மூன்றே வாரங்களில் முடித்தன. வியப்பு என்னவென்றால், இரண்டு வாரங்கள் தொடர்ந்து தூண்டியதற்கும் ஒரே ஒரு மணி நேரம் தூண்டியதற்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. துடிப்பு நரம்பின் வழியே மேலேறிச் செல்லின் உடலைச் சேர வேண்டும். வழியில் மருந்தால் அதைத் தடுத்தால் பலன் இல்லை. செய்தி கிடைத்ததும் செல் தன் வளர்ச்சிப் புரதங்களைக் கூட்டிக்கொள்கிறது. இழை வளரும் வேகம் இதனால் கூடுவதில்லை. தையலருகே நாள்கணக்கில் தயங்கி நிற்கும் இழைகள் ஒருசேரக் கிளம்பிவிடுகின்றன, அவ்வளவுதான். பிறகு மணிக்கட்டுக் குகை நெரிப்பு (மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது), விரல் நரம்பு அறுபடுதல், முழங்கை நரம்பு நெரிப்பு ஆகியவற்றில் மனிதரிடமும் இம்முறை நல்ல பலன் தந்தது.

இனி உங்களுக்குக் கசப்பான பகுதி. அந்த ஒரு மணி நேரம் அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொடுக்கப்பட்டது. உங்களுக்குத் தைத்து முடிந்துவிட்டதால், இப்போது வெளியிலிருந்து வைக்கும் மின்சாரத்துக்கு அதே பலன் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தைத்த மருத்துவரிடம் மாதந்தோறும் காட்டுங்கள். தையலிலிருந்து விரல் நோக்கித் தட்டிக்கொண்டே வரும்போது சுரீரென்று உறைக்கும் புள்ளி கீழே இறங்கிக்கொண்டிருந்தால் நரம்பு வளர்கிறது என்று பொருள். அது பல வாரங்களாக ஒரே இடத்தில் நின்றால் தாமதிக்காதீர்கள். நரம்பு வந்து சேராத தசை ஒன்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருக்காது. சுண்டுவிரலில் சூடு தெரியாத வரை பட்டறையில் கையுறை இல்லாமல் வேலை செய்யவும் வேண்டாம்.

விபத்தில் என் மகனுக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மின்சாரத்தால் தண்டுவடத்தை மீண்டும் வளர்க்க முடியுமா?
– தந்தை, சைதாப்பேட்டை

முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் போர்கன்ஸ் என்பவர் இதற்காகவே உழைத்தார். நரம்பிழை எதிர்மின்முனையை நோக்கி உடனே வளரும். நேர்மின்முனைப் பக்கம் உள்ளவை பின்வாங்கச் சற்று நேரம் பிடிக்கும். இந்தக் கால இடைவெளியைப் பயன்படுத்தி, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை திசையை மாற்றினால் மேலேயும் கீழேயும் இரு பக்கமும் வளர வைக்கலாம் என்பது அவர் கணக்கு. எனக்குப் பிடித்த கணக்கும்கூட. நாய்களில் நம்பிக்கை தந்த அந்தக் கருவி, பத்து மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டு 15 வாரங்கள் கழித்து எடுக்கப்பட்டது; 2005-இல் முடிவுகள் வந்தன. பாதுகாப்பாக இருந்தது, ஓரளவு உணர்ச்சியும் திரும்பியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை; கருவியும் அடிபட்ட 18 நாள்களுக்குள் பொருத்தப்பட்டது. உங்கள் மகனின் நிலை வேறு.

மூன்று ஆண்டுகள் ஆனவர்களுக்கு இப்போது பேசப்படுவது வளர்ப்பது அல்ல; எஞ்சியிருக்கும் இழைகளைக் கூர்மையாக்குவது. காயத்துக்குக் கீழே தண்டுவடத்தின் மேலுறையில் மின்முனைகளை வைத்துத் தூண்டியதால், செயலிழந்த ஒருவர் எழுந்து நின்றதை 2011-இல் அமெரிக்காவின் லூயிவில் குழுவினரும், மூவர் உதவியுடன் நடந்ததை 2018-இல் சுவிட்சர்லாந்துக் குழுவினரும் அறிவித்தார்கள். கைகளுக்காக, அறுவையின்றித் தோலின் மேலிருந்தே கழுத்துத் தண்டுவடத்தைத் தூண்டும் கருவி 60 பேரிடம் சோதிக்கப்பட்டு, 72 விழுக்காட்டினருக்குப் பயன் தந்ததால், 2024 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. எல்லாவற்றிலும் மின்சாரத்தோடு கடும் பயிற்சியும் சேர்ந்தே இருந்தது. மகனின் காயம் கழுத்திலா முதுகிலா, முழுமையானதா பகுதியா என்று நீங்கள் எழுதவில்லை. கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் முதலில் அதை மதிப்பிடச் செய்யுங்கள். படுக்கைப்புண் வராமலும் மூட்டுகள் இறுகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புதிய கருவி வந்தாலும் மூட்டு இறுகிப்போன காலுக்கு அது உதவாது.

ஒரு மருத்துவமனையில் என் கணவருக்கு ஸ்டெம் செல் ஊசியும் மின்தூண்டலும் சேர்த்துப் பல லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். நகையை விற்கலாமா என்று யோசிக்கிறோம்.
– வாசகி, அம்பத்தூர்

விற்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லை வேறெதற்கும் வழக்கமான சிகிச்சையாக விற்க முடியாது. ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம், ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக்கூடாது. அந்த நெறிகளின் தலைப்பில் முன்பு இருந்த ‘சிகிச்சை’ என்ற சொல்லையே 2013-இல் எடுத்துவிட்டார்கள்.

‘ஊசிதானே, பலிக்காவிட்டால் போகிறது’ என்றும் எண்ணாதீர்கள். பக்கவாதத்துக்காக வெளிநாடுகளுக்குச் சென்று ஸ்டெம் செல் ஊசிகள் போட்டுக்கொண்ட 66 வயதுக்காரர் ஒருவரின் தண்டுவடத்தில் கட்டி வளர்ந்ததையும், அந்தக் கட்டியின் செல்கள் அவருடையவை அல்ல என்று தெரியவந்ததையும் 2016-இல் ஒரு முன்னணி மருத்துவ இதழ் வெளியிட்டது. வளர்வதற்கென்றே பிறந்த செல்லுக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மின்சாரம் சொல்லித் தராது.

அவர்கள் ‘இது ஆய்வுதான்’ என்று சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பெற்ற எண்ணைக் கேளுங்கள். அது ‘சிடிஆர்ஐ’ என்று தொடங்கும். அடுத்து ஆண்டும் மாதமும் வரும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தேடிப் பார்க்கலாம். எண் கொடுத்தால், எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். உங்கள் கணவரின் நோய்க்கும் அந்தப் பதிவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.